ஐந்து சீட்டு, ஒரே விலை: ஒரு சீட்டின் பலத்தை எடைபோடுவது எப்படி?

பள்ளி நாட்களில் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டுகளை வைத்து விளையாடியவர்களுக்கு, ஒரு சீட்டு பலமானதா இல்லையா என்று கண்டுபிடிப்பது ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. உயரம், எடை, மார்பளவு என்று எண்கள் அச்சாகியிருக்கும். பெரிய எண் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் சீட்டு போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தோடு மேஜிக்: த கேதரிங், போக்கிமான், யூ-கி-ஓ போன்ற சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்குள் நுழைபவர் முதல் சில மாதங்கள் தோற்றுக்கொண்டே இருப்பார். நானும் அப்படித்தான் தோற்றேன். இந்த ஆட்டங்களில் சீட்டின் மேல் உள்ள எண் அதன் பலத்தைப் பற்றிப் பாதிச் செய்தியைக்கூடச் சொல்வதில்லை. அதை இறக்குவதற்கு நாம் எதைக் கொடுக்கிறோம், இறக்கிய பிறகு எதிராளியிடமிருந்து எது போகிறது, நம் சீட்டுக்கட்டில் அதற்குத் துணையாக வேறென்ன இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மீதி தெரியவரும்.

இதை விளக்க மேஜிக் ஆட்டத்தின் முதல் பதிப்பிலேயே அருமையான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. கணிதம் படித்து முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அந்த ஆல்ஃபா பதிப்பில் 295 சீட்டுகள் இருந்தன. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஆட்டத்தில் ஐந்து நிறங்கள் உண்டு. நிறத்துக்கு ஒன்றாக ஐந்து மந்திரச் சீட்டுகளை அவர் ஒரே அச்சில் வார்த்திருந்தார்: ஐந்துக்கும் விலை ஒரு மானா (சீட்டை இறக்கக் கொடுக்க வேண்டிய மந்திர ஆற்றல்), ஐந்திலும் விளைவு மூன்று. வெள்ளை நிறத்தின் ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப்புள்ளிகளைத் தரும், அல்லது வரவிருக்கும் சேதத்தில் மூன்றைத் தடுக்கும். நீலத்தின் ஆன்சஸ்ட்ரல் ரீகால் மூன்று சீட்டுகளை எடுக்கச் செய்யும். கறுப்பின் டார்க் ரிச்சுவல் மூன்று மானா தரும். சிவப்பின் லைட்னிங் போல்ட், எதிராளிக்கோ களத்திலுள்ள ஓர் உயிரினத்துக்கோ மூன்று சேதம் விளைவிக்கும். பச்சையின் ஜயன்ட் குரோத், ஓர் உயிரினத்தின் தாக்குவலுவையும் தாங்குவலுவையும் அந்த முறை முடியும்வரை மூன்று மூன்று கூட்டும்.

டிரம்ப் கார்டுக் கண்ணோடு பார்த்தால் ஐந்தும் சமம். உண்மையிலோ இவற்றில் ஒன்று இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் பலமான சீட்டுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. இன்னொன்றை இனாமாகக் கொடுத்தாலும் கட்டில் சேர்க்க ஆளில்லை. ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், இதுவரை பார்த்திராத சீட்டு ஒன்றைக் கையில் எடுக்கும்போதும் அதை ஓரளவு சரியாக எடைபோட முடியும்.

ஆட்டத்தின் இரண்டு பற்றாக்குறைகள்

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் ஆடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். அது பூஜ்யமானால் தோல்வி. கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும்; அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர மற்ற எதிலும் ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. தொடக்கத்தில் கையில் ஏழு சீட்டுகள். பிறகு முறைக்கு ஒன்றாக எடுக்கலாம். முறைக்கு ஒரு நிலச் சீட்டுதான் இறக்கலாம்; ஒவ்வொரு நிலமும் முறைக்கு ஒரு மானா தரும்; அந்த மானாவைக் கொடுத்துத்தான் மற்றச் சீட்டுகளை இறக்க வேண்டும்.

இதில் இரண்டு பொருள்கள் எப்போதும் பற்றாக்குறையில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று சீட்டு: முறைக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. மற்றொன்று மானா: முதல் முறையில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு என்று படிப்படியாகத்தான் ஏறுகிறது. ஒரு சீட்டை எடைபோடுவது என்பது பெரும்பாலும் இந்த இரண்டிலும் வரவு செலவு பார்ப்பதுதான். முதலாவதைச் சீட்டுக் கணக்கு என்றும் இரண்டாவதை வேகக் கணக்கு என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். உயிர்ப்புள்ளி மூன்றாவது கணக்கு; புதிதாக ஆடுபவர்கள் இதற்குத்தான் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கோடு ஆன்சஸ்ட்ரல் ரீகாலைப் பாருங்கள். கையிலிருந்து ஒரு சீட்டு போகிறது, மூன்று வருகிறது. நிகர வரவு இரண்டு. அதாவது எதிராளி இரண்டு முறைகள் காத்திருந்து பெறுவதை நீங்கள் ஒரே ஒரு மானாவில் பெற்றுவிடுகிறீர்கள். பிற்காலத்தில் வடிவமைப்பாளர்களே இதே விளைவுக்கு என்ன விலை வைத்தார்கள் என்று பார்த்தால் உண்மை துலங்கும்: 2001-இல் வந்த கான்சன்ட்ரேட் என்ற சீட்டும் மூன்று சீட்டுகளைத்தான் எடுக்கச் செய்கிறது, ஆனால் அதற்கு நான்கு மானா கொடுக்க வேண்டும். ரீகாலை எதிராளியின் முறையிலும் இறக்கலாம். கான்சன்ட்ரேட்டை நம் முறையில்தான் இறக்க முடியும். லைட்னிங் போல்ட் செய்யும் வேலைக்குப் பிற்காலத்தில் வழக்கமான விலை இரண்டு மானா என்றாயிற்று. 2013-இல் வந்த லைட்னிங் ஸ்டிரைக் அதற்குச் சான்று. ஒரு மானாவிலேயே வேண்டுமென்றால் 1998-இல் வந்த ஷாக் இருக்கிறது. அது இரண்டு சேதம்தான் செய்யும். ஆக, 1993-இல் ஒரே விலை ஒட்டப்பட்ட பண்டங்களில் ஒன்று நான்கு மடங்கு மலிவாகவும் இன்னொன்று இரு மடங்கு மலிவாகவும் விற்கப்பட்டிருக்கிறது.

முதல் பாடம் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு சீட்டைத் தனியாக வைத்து எடைபோடாமல், அதே வேலையைச் செய்யும் மற்றச் சீட்டுகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மானாவுக்கு 2/2 உயிரினம், அதாவது தாக்குவலு இரண்டும் தாங்குவலு இரண்டும் உள்ள உயிரினம், என்பது பழைய அளவுகோல். ஆல்ஃபா பதிப்பின் கிரிஸ்லி பேர்ஸ் என்ற கரடிச் சீட்டு அப்படிப்பட்டது. புதிய சீட்டு ஒன்று அதே விலைக்கு 2/2 ஆகவே இருந்து கூடுதலாக ஒரு திறனையும் தந்தால் அது அளவுகோலுக்கு மேல். மூன்று மானா கேட்டுவிட்டு வெறும் 2/2 தந்தால், பறப்பதோ சீட்டு எடுத்துத் தருவதோ வேறு நல்ல காரணமோ இருந்தாக வேண்டும். காலப்போக்கில் உயிரினங்களின் பலம் ஏறிக்கொண்டே போயிருப்பதால் அளவுகோலும் நகர்ந்திருக்கிறது. நீங்கள் ஆடும் பதிப்புகளிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிர்ப்புள்ளி என்னும் மயக்கம்

அடுத்து ஹீலிங் சால்வ். மூன்று சேதம் கொடுப்பதும் மூன்று சேதத்தைத் தவிர்ப்பதும் ஒன்றுக்கொன்று சமம் என்று தோன்றுவது இயல்பு. களத்தில் எதிராளிக்கு 3/3 உயிரினம் ஒன்று நின்று ஒவ்வொரு முறையும் உங்களைத் தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஹீலிங் சால்வ் இருந்தால் ஒரே ஒரு தாக்குதல் வீணாகும். அடுத்த முறை அதே உயிரினம் அதே மூன்று சேதத்தோடு வரும், அதற்கடுத்த முறையும் வரும். கையில் லைட்னிங் போல்ட் இருந்தால் அந்த உயிரினமே இறந்துவிடும். ஐந்து முறைகளில் அது கொடுத்திருக்கக்கூடிய 15 சேதம் முழுவதும் மிச்சம். போதாக்குறைக்கு, அதை இறக்க எதிராளி செலவழித்த நான்கு மானாவும் ஒரு சீட்டும் உங்கள் ஒரு மானாவில் கரைந்துபோகும். சால்வ் வலியைத் தணிக்கிறது, போல்ட் வலிக்கான காரணத்தை நீக்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 20 உயிர்ப்புள்ளிகளில் 19 போனாலும் உங்கள் கையில் உள்ள எந்தச் சீட்டும் பலம் குறைவதில்லை. ஆட்டம் அப்படியேதான் நடந்துகொண்டிருக்கும். உண்மையில் பொருட்படுத்தத்தக்கது அந்தக் கடைசிப் புள்ளி மட்டும்தான். மற்றவை அவகாசம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதே ஆல்ஃபா பதிப்பில், அதே வெள்ளை நிறத்தில், அதே ஒரு மானா விலையில் ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் என்ற சீட்டு இருக்கிறது. எந்த உயிரினத்தையும் அது ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடும். பதிலுக்கு, அந்த உயிரினத்துக்கு உரியவர் அதன் தாக்குவலு அளவுக்கு உயிர்ப்புள்ளி பெறுவார். போர்வீரன் வாளை எறிந்துவிட்டு ஏர் பிடிக்கப் போய்விடுகிறான் என்பது கற்பனை. முதல்முறை படிக்கும்போது, எதிராளிக்கு நாமே உயிர் கொடுக்கிறோமே என்று கை தயங்கும். ஆனால் இதுவரை அச்சான உயிரின நீக்கச் சீட்டுகளில் மிகச் சிறந்தவற்றின் வரிசையில் இதற்கு இடமுண்டு; உங்களுக்கே மூன்று உயிர்ப்புள்ளி தரும் சால்வுக்கோ எங்கும் இடமில்லை. எதிராளிக்கு உயிர் கொடுக்கும் சீட்டு, நமக்கு உயிர் கொடுக்கும் சீட்டைவிடப் பல மடங்கு பலமானது என்றால், உயிர்ப்புள்ளியின் உண்மை விலை எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சால்வுக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். லைட்னிங் போல்ட் போன்ற சேதச் சீட்டுகளால் மட்டுமே நிரம்பிய சிவப்புக் கட்டு ஒன்று எதிரே இருந்தால், 20 புள்ளிகளையும் அழிக்க அவருக்கு ஏழு போல்ட்டுகள் வேண்டும். நீங்கள் ஒரு சால்வ் இறக்கினால் எட்டு வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு, ஒரு மானாவுக்கு ஒரு மானா. இங்கே அது சரிசமமான மாற்று. ஆனால் அந்த ஓர் எதிராளிக்கு எதிராக அது எட்டுவது சமநிலை மட்டும்; மற்ற எல்லாருக்கும் எதிராக அது வெறும் காகிதம். ஒரு சீட்டின் மிக நல்ல நாள் எப்படி இருக்கும், மிக மோசமான நாள் எப்படி இருக்கும் என்று இரண்டையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் நல்ல நாளை மட்டும் கற்பனை செய்துகொண்டு சீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அனுபவசாலிகள் மோசமான நாளிலிருந்து தொடங்குகிறார்கள்.

துணை தேடும் சீட்டுகள்

ஜயன்ட் குரோத் இந்த இரண்டு முகங்களையும் நன்றாகக் காட்டும். என் 2/2 கரடி தாக்கப் போகிறது. எதிராளி தன் 3/3 உயிரினத்தைக் குறுக்கே நிறுத்தித் தடுக்கிறார். நான் குரோத்தை இறக்குகிறேன், கரடி 5/5 ஆகிறது. அவருடைய உயிரினம் இறக்கிறது, என் கரடி பிழைக்கிறது. ஒரு மானாவைக் கொடுத்து நான்கு மானாச் சீட்டு ஒன்றை வாங்கிவிட்டேன். அருமையான வியாபாரம்.

இப்போது அதே காட்சியில் எதிராளியின் கையில் ஒரு லைட்னிங் போல்ட் இருக்கிறது. நான் குரோத்தை இறக்கியவுடன், அது நிறைவேறும் முன்பே அவர் கரடியின் மேல் போல்ட்டை இறக்குகிறார். இந்த ஆட்டத்தில் கடைசியாக இறக்கியது முதலில் நிறைவேறும் என்பது விதி. எனவே தாங்குவலு இரண்டே உள்ள கரடி மூன்று சேதத்தில் இறந்துவிடும். பிறகு என் குரோத்துக்கு ஏறிக்கொள்ள ஆளே இருக்காது, அதுவும் வீணாகக் கழிவுக்குப் போகும். அவர் ஒரு சீட்டைக் கொடுத்து என்னிடமிருந்து இரண்டைப் பறித்துவிட்டார். ஒரு மாலை முழுவதும் ஒரு நண்பரிடம் இதே முறையில் திரும்பத் திரும்பச் சீட்டை இழந்த பிறகுதான், எதிராளி மானாவை எல்லாம் செலவழித்துவிட்ட நேரத்திற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. தலைகீழாகவும் நடக்கும்: அவர் முதலில் போல்ட்டை இறக்கினால் பதிலுக்கு நான் குரோத்தை இறக்கிக் கரடியைக் காப்பாற்றலாம், அப்போது ஒன்றுக்கு ஒன்று.

மோசமான நாள் இதைவிட எளிமையானது: களத்தில் என் உயிரினம் எதுவுமே இல்லை. அப்போது குரோத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேறொரு சீட்டு முன்பே களத்தில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் சீட்டு எதுவானாலும், அதன் மதிப்பிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

டார்க் ரிச்சுவல் இன்னும் சுவையானது. முதல் முறையிலேயே ஒரு நிலம், அதிலிருந்து ஒரு மானா, அதைக் கொண்டு ரிச்சுவல், கிடைத்த மூன்று மானாவில் ஹிப்னாடிக் ஸ்பெக்டர். இதுவும் ஆல்ஃபா சீட்டுதான்: 2/2, பறக்கும், எதிராளிக்குச் சேதம் கொடுக்கும்போதெல்லாம் அவர் கையிலிருந்து ஏதோ ஒரு சீட்டைக் கண்ணைமூடி எடுத்துக் கழிக்கச் செய்யும். மூன்றாம் முறையில் வர வேண்டியது முதல் முறையிலேயே வந்துவிடுகிறது. எதிராளியிடம் பதில் இல்லையென்றால், ஏறத்தாழ அங்கேயே ஆட்டம் முடிந்தது.

பதில் இருந்தால்? அவர் தன் முறையில் சீட்டு எடுக்கிறார், கையில் எட்டு. ஒரு நிலம் இறக்கி, ஒரு போல்ட்டை ஸ்பெக்டரின் மேல் எறிகிறார். அவர் கையில் ஆறு மீதம். முதலில் ஆடியதால் முதல் முறையில் சீட்டு எடுக்காத என் கையில் நிலம், ரிச்சுவல், ஸ்பெக்டர் மூன்றும் போக நான்குதான் மீதம். களத்தில் ஒரு நிலத்தைத் தவிர எதுவும் இல்லை. வேகக் கணக்கில் நான் பந்தயம் கட்டினேன், சீட்டுக் கணக்கில் அதற்கான விலையைக் கொடுத்தேன். இதே ரிச்சுவலை எட்டாம் முறையில், கை காலியாக இருக்கும்போது கட்டின் மேலிருந்து எடுத்தால் இன்னும் பரிதாபம்: மூன்று மானா வரும், செலவழிக்க எதுவும் இருக்காது. ஆன்சஸ்ட்ரல் ரீகாலோ அதே எட்டாம் முறையில் மூன்று புதுச் சீட்டுகளைத் தந்துகொண்டிருக்கும். எந்த நேரத்தில் எடுத்தாலும் மகிழ்ச்சி தரும் சீட்டு, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மகிழ்ச்சி தரும் சீட்டு என்ற இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். சீட்டைப் படிக்கும்போது இது கண்ணில் படாது, ஆடும்போதுதான் உறைக்கும்.

இரண்டு சீட்டுகள் சேர்ந்து செய்யும் அற்புதங்களைப் பார்த்து மயங்குபவர்கள் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 60 சீட்டுக் கட்டில் நான்கு படிகள் வைத்திருக்கும் ஒரு சீட்டு, தொடக்கத்தில் எடுக்கும் ஏழில் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். ரிச்சுவலும் ஸ்பெக்டரும் ஆகிய இரண்டுமே அந்த ஏழில் இருப்பதற்கான வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஏழு ஆட்டங்களில் ஒன்று. மற்ற ஆறு ஆட்டங்களில் இவை ஒவ்வொன்றும் தனியாக என்ன செய்யும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்பெக்டர் தனியாகவும் நல்ல சீட்டு. ரிச்சுவல் அப்படியில்லை.

பலவீனம் போல எழுதப்பட்ட பலம்

இதுவரை நன்மையைப் படிப்பதைப் பார்த்தோம். சீட்டில் எழுதியிருக்கும் தீமையைப் படிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் 'இழக்கிறீர்கள்', 'கழிக்கவும்' என்ற சொற்களைக் கண்டவுடன் மனம் சுருங்கிவிடும்.

1995-இல் வந்த நெக்ரோபொடன்ஸ் என்ற கறுப்புச் சீட்டு, முறைக்கு ஒரு சீட்டு எடுக்கும் இயல்பான உரிமையையே பறித்துவிடும். அதற்குப் பதிலாக, ஒரு உயிர்ப்புள்ளிக்கு ஒரு சீட்டு என்ற கணக்கில் வேண்டிய அளவு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவை முறையின் முடிவில் கைக்கு வரும். வெளிவந்த புதிதில் பலர் இதை மதிக்கவில்லை; தன் உயிரைத் தானே கொடுப்பது முட்டாள்தனமாகப் பட்டது. 1996-ஆம் ஆண்டுக் கோடைக்குள் போட்டி மேசைகளில் இந்தச் சீட்டின் ஆட்சிதான். உயிர்ப்புள்ளி மலிவு, சீட்டு அருமை என்று மேலே பார்த்த கணக்கையே இந்தச் சீட்டு விலைப்பட்டியலாக எழுதி வைத்திருந்தது, படிக்கத்தான் நேரமாயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெக்ரோபொடன்ஸ் களத்தில் இருக்கும்போது மூன்று உயிர்ப்புள்ளி என்பது மூன்று சீட்டு. அதாவது வேறெங்கும் மதிப்பில்லாத உயிர்ப்புள்ளிக்கு அங்கே திடீரென்று மதிப்பு ஏறிவிடுகிறது. அந்நாளைய நெக்ரோபொடன்ஸ் கட்டுகளில், எதிராளியை உறிஞ்சித் தனக்கு உயிர் சேர்க்கும் டிரெயின் லைஃப், நிலத்தைப் பலிகொடுத்து உயிர் தரும் சூரன் ஆர்ப் போன்ற சீட்டுகள் இடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான். சீட்டின் எழுத்து மாறவில்லை, பக்கத்தில் இருந்தது மாறியது.

2004-இல் வந்த ஸ்கல்கிளாம்ப் இன்னொரு பாடம். ஒரு மானா விலையுள்ள கருவி. இன்னொரு மானா கொடுத்து ஓர் உயிரினத்துக்கு அணிவிக்கலாம். அணிந்த உயிரினத்தின் தாக்குவலு ஒன்று கூடும், தாங்குவலு ஒன்று குறையும். அது இறந்தால் இரண்டு சீட்டுகள் எடுக்கலாம். தாங்குவலு குறைவது குறைபாடு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 1/1 உயிரினம் ஒன்றுக்கு அணிவித்தால் தாங்குவலு பூஜ்யமாகி அது அந்தக் கணமே இறக்கும், உடனே இரண்டு சீட்டுகள் வரும். கருவி களத்திலேயே இருக்கும். அடுத்த 1/1-க்கு அணிவிக்கலாம். மானா ஒன்று, வரவு இரண்டு சீட்டு, எத்தனை தடவை வேண்டுமானாலும். அந்தக் கழித்தல் குறிதான் இந்தச் சீட்டின் இயந்திரம். அதே 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே முக்கியமான போட்டி வடிவத்திலிருந்து இது தடைசெய்யப்பட்டது.

ஆகவே ஒரு குறைபாட்டைப் படிக்கும்போது, இதை யார் பொருட்படுத்த மாட்டார், யார் வரவேற்பார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான குறைபாடுகளுக்கு விடை 'யாரும் இல்லை' என்றுதான் வரும். அவை உண்மையாகவே குறைபாடுகள். எப்போதாவது ஒன்றுக்கு விடை கிடைக்கும்.

எந்த மேசையில், எந்த ஆட்டத்தில்?

ஒரு சீட்டுக்கு எல்லா மேசைகளிலும் ஒரே மதிப்பு இருப்பதில்லை. 2010-இல் அறிமுகமான இன்ஃபெக்ட் என்ற திறனுடைய உயிரினங்கள் எதிராளிக்கு உயிர்ச் சேதத்துக்குப் பதிலாக நச்சுப்புள்ளி கொடுக்கும். பத்து நச்சுப்புள்ளிகள் சேர்ந்தால் தோல்வி. அத்தகைய கட்டில் ஜயன்ட் குரோத்தின் மூன்று, 20-இல் மூன்றாக இல்லாமல் பத்தில் மூன்றாகிறது. சாதாரணச் சீட்டு ஒன்று ஆட்டத்தை முடிக்கும் சீட்டாகிறது. டார்க் ரிச்சுவலுக்கும் அப்படி ஒரு வாழ்வு வந்தது. ஒரே முறையில் எத்தனை மந்திரங்கள் இறக்கினோமோ அத்தனை தடவை விளைவைப் பெருக்கும் ஸ்டார்ம் என்ற திறன் 2003-இல் வந்தபோது, தன் விலையையும் மீட்டுத் தந்து மேற்கொண்டு இரண்டு மானாவும் ஓர் எண்ணிக்கையும் சேர்க்கும் ரிச்சுவல் அந்தக் கட்டுகளின் முதுகெலும்பானது. மறுபக்கம், 40 உயிர்ப்புள்ளிகளோடு பெரும்பாலும் நான்கு பேர் ஆடும் கமாண்டர் வடிவத்தில் லைட்னிங் போல்ட்டின் மூன்று சேதம் கடலில் கரைத்த பெருங்காயம். எதிரே மொத்தம் 120 புள்ளிகள் நிற்கின்றன.

ஆட்டமே மாறினால் அளவுகோலும் மாறும். யூ-கி-ஓவில் மானா என்ற ஒன்றே இல்லை. எனவே இரண்டு சீட்டுகளை எடுக்கச் செய்யும் பாட் ஆஃப் கிரீட் முற்றிலும் இலவசம். எந்தக் கட்டுக்கும் அதை வைக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது என்பதாலேயே அது பல ஆண்டுகளாகத் தடைப்பட்டியலில் இருக்கிறது. போக்கிமானின் தொடக்கப் பதிப்பில் இருந்த புரொஃபசர் ஓக், கையிலுள்ளவற்றைக் கழித்துவிட்டு ஏழு புதுச் சீட்டுகளை எடுக்கச் செய்யும். அதே வேலையைச் செய்யும் இன்றைய சீட்டுகள் சப்போர்ட்டர் என்ற வகையில் வருகின்றன. அந்த வகையில் முறைக்கு ஒன்றுதான் ஆடலாம். விலைக்குப் பதில் வரம்பு. அதனால் அந்த ஆட்டத்தில் 'ஏழு சீட்டு' என்று படித்ததும் வியந்துபோவதற்குப் பதிலாக, அந்த முறையில் வேறெந்த சப்போர்ட்டரை இதற்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும்.

சந்தை விலையை வைத்துப் பலத்தை அளப்பது பற்றி ஒரு சொல். ஆல்ஃபாவின் அந்த ஐந்து சீட்டுகளில் ரீகால் மட்டும் அரிதான வகையிலும், மற்ற நான்கும் சாதாரண வகையிலும் அச்சிடப்பட்டன. பழைய சீட்டின் விலையில் அரிதும் ஏக்கமும் சேகரிப்பாளர் போட்டியும் கலந்தே இருக்கும். பலம் அதில் ஒரு பங்கு மட்டும். லைட்னிங் போல்ட் பலமுறை மறுபதிப்பானதால் அதன் சாதாரணப் படிகள் மலிவாகவே கிடைக்கின்றன. அதனால் அது சுமாரான சீட்டு ஆகிவிடவில்லை.

காகிதத்தில் போட்ட கணக்கை மேசையில் சரிபார்க்க நான் பின்பற்றும் முறை மிக எளிமையானது. ஐயத்துக்குரிய சீட்டை உடனே வாங்குவதில்லை. அதன் பெயரையும் விலையையும் விளைவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஒரு நிலச் சீட்டின் மேல் வைத்து உறைக்குள் செருகிக் கட்டில் சேர்த்துவிடுகிறேன். நண்பர்களோடு பத்து ஆட்டங்கள். அந்தச் சீட்டு கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும், எந்த முறையில் வந்தது, உடனே இறக்க முடிந்ததா, அதன் இடத்தில் வேறெந்தச் சீட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு வரி குறித்துக்கொள்கிறேன். வென்றேனா தோற்றேனா என்பதைக் குறிப்பதில்லை. பத்து ஆட்டங்களின் வெற்றி தோல்வியை ஒரே சீட்டின் கணக்கில் எழுத முடியாது. கடைசியாக அப்படிச் சோதித்த சீட்டுக்கு ஏழு வரிகள் சேர்ந்தன. அவற்றில் ஐந்து வரிகளில், 'இதற்குப் பதில் ஒரு நிலம் வந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். துண்டுக் காகிதத்தை உருவி எறிந்துவிட்டு, நிலத்தை அப்படியே கட்டில் விட்டுவிட்டேன்.